பழைய மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைமாறி வந்த பழைய மடிக்கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது குறித்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒருவருக்குச் சொன்ன விடை இன்னொருவருடைய சிக்கலையும் தொடுவதால், வரிசையாக வாசிப்பது நல்லது.

கேள்வி: சுமார் பத்து ஆண்டுப் பழைய லேப்டாப் ஒன்றை மகளின் படிப்புக்காக வாங்கினேன். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். திறந்தால் யாரோ ஒருவருடைய பெயரில் விண்டோஸ் 10 வருகிறது. அதுவும் வந்து நிற்கப் பத்து நிமிடம் ஆகிறது. "ஓ.எஸ். மாற்றிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் விற்றவர். இது உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாற்றிப் போட வேண்டும் என்பது உண்மை. அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்பது விளங்கும்.

மாற்றிப் போட வேண்டியதற்குக் காரணம் நம்பகத்தன்மை. அந்த விண்டோஸை யார் நிறுவினார்கள், அதில் எதையெல்லாம் ஓடவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் நிரல்கள் பல, வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டே வேலை செய்கின்றன. அணைந்திருந்த அந்த நேரத்தில் வேறு என்ன உள்ளே நுழைந்தது என்பதைப் பின்னால் எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் மகள் அந்தக் கணினியில்தான் தம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யப்போகிறார். ஆகவே பழைய பயனர் கணக்கை நீக்கிவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்குவது போதாது. ஹார்டு டிஸ்க் என்னும் வட்டில் உள்ள எல்லாப் பார்டிஷன்களையும், அதாவது அது பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகள் அனைத்தையும், அழித்துவிட்டு, நம்பகமான வேறொரு கணினியில் நீங்களே நிறுவல் கோப்பை எழுதித் தயாரித்த பென் டிரைவிலிருந்து நிறுவ வேண்டும்.

வேகம் வேறு சங்கதி. மடிக்கணினிகளில் வந்த 500 ஜிபி வட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. சுழலும் தட்டின் மேல் படிப்பு முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து, வேண்டிய தரவு அதன் கீழே வந்து சேர்வதற்குப் பத்து மில்லி வினாடிக்கு மேல் பிடிக்கும்; வினாடிக்கு நூறு இடங்களைத் தொட்டாலே பெரிது. விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் படிக்கிறது. இயங்குதளத்தை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அதே அளவில், அதே இணைப்பில் பொருந்தும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் வட்டை, வாங்கி மாட்டினால்தான் மாறும். பழைய மடிக்கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும் என்று நான் தயங்காமல் சொல்வேன். அடுத்தது, ரேமை 8 ஜிபி ஆக்குவது. ஆனால் சில மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சில, 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும். அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும் எண்ணம் இல்லையென்றால், இருக்கும் வட்டின் உடல்நிலையைச் சோதிக்காமல் எதையும் நிறுவாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கைமாறி வந்த ஒரு மடிக்கணினியில் ஒரே மாதத்தில் மூன்று முறை இயங்குதளத்தை நிறுவினேன். ஒவ்வொரு முறையும் சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஏதோ ஒரு கோப்பு கெட்டு, நீலத்திரையில் வந்து நிற்கும். முதல் முறை வன்பொருளை இயக்க உதவும் டிரைவர் நிரலைக் குறை சொன்னேன், இரண்டாம் முறை பென் டிரைவை. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் வட்டின் உள்பதிவுகளைப் படித்துப் பார்த்தேன். எழுதவும் படிக்கவும் இயலாமல் காத்துக்கிடந்த பிரிவுகள் (தரவை வைக்கும் சிறு கட்டங்கள்) நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த மாதத்தில் எழுதிச் சேர்த்த குறிப்புகள் அத்தனையும் வட்டோடு போயின. பத்து நிமிடச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டியது அது.

வட்டுகள் தம் நிலையைத் தாமே பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைக் காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது மீட்க முடியாதவை. மூன்றும் சுழியமாக இருந்தால் நல்லது. 05 மட்டும் சிறிய எண்ணாக இருந்து, வாரக்கணக்கில் மாறாமலும் இருந்தால் சமாளிக்கலாம். சி5 அல்லது சி6-இல் எண் இருந்தால் அந்த வட்டை நம்பாதீர்கள். இந்த நிரல் அந்த எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 10 என்று தெரிந்தால் பதினாறு என்று பொருள்.

இன்னொன்று பூட்டுகள். கணினியை முடுக்கியவுடன் எஃப்2 அல்லது டெலிட் போன்ற விசையை அழுத்தி, இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்புக்குள் நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் விற்றவரிடம் கேட்டு நீக்கச் செய்யுங்கள். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் இந்தக் கடவுச்சொல் தனிச் சிப்பில் இருப்பதால், பேட்டரியைக் கழற்றி வைப்பதால் போகாது. அதைவிடச் சிக்கலானது நிறுவனப் பதிவு. முன்பு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த கணினியின் அடையாளம் அந்த நிறுவனத்தின் மேலாண்மைப் பட்டியலில் இன்னும் இருந்தால், புதிதாக நிறுவிய விண்டோஸ் இணையத்தோடு இணைந்தவுடன் அந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அதன் கணக்கில் நுழையும்படி கேட்கும். வட்டை அழித்தாலும் மாற்றினாலும் இது தீராது. பதிவை நீக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அப்படி வந்தால் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

கடைசியாக, பேட்டரி உப்பி டச்பேடு மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, பேட்டரியை மாற்றும் வரை அந்தக் கணினியைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு என் கணினி தகுதியில்லை என்று வருகிறது. தடையைத் தாண்டி நிறுவும் வழிகள் காணொளிகளில் கிடைக்கின்றன. தம்பி லினக்ஸ் போடு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்றே கணினி நின்றுவிடவில்லை. ஆனால் அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைக்கப்படுவதில்லை. வீட்டுப் பயனர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்ற கூடுதல் ஏற்பாடு ஒன்று உண்டு. அது அவகாசம் தருவது, தீர்வு அன்று.

விண்டோஸ் 11 கேட்பவை 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், நம்பகமான நிரலை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட் வசதி, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0, இவற்றோடு அங்கீகரிக்கப்பட்ட செயலி. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அந்தப் பட்டியலில் உள்ளன. பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற நிரல்களால் இந்தச் சோதனைகளைத் தாண்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் தகுதியில்லாத கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கூறவில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய செயலிகளில் தொடங்கவே மறுத்தது. அதுவரை தடையைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தேர்வு நாளிலோ கணக்கு முடிக்கும் நாளிலோ ஒரு கணினியை நம்பியிருப்பவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. இலவச இயங்குதளமான லினக்ஸின் வடிவங்களில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் வேண்டும். வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபியும் 100 ஜிபியும் பரிந்துரைக்கப்படுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும். அதன் வடிவங்களில் எக்ஸ்எஃப்சிஇ என்பது பழைய கணினிக்கு இலகுவானது. இணைய உலாவி, மின்னஞ்சல், காணொளி, லிப்ரே ஆஃபிஸில் கடிதமும் அட்டவணையும் என்ற அளவில் உங்கள் வேலை முடிந்துவிடுமானால், விண்டோஸ் இல்லாத குறை தெரியாது. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு நிரலோ, பாடநூலோடு வந்த மென்பொருளோ, குறிப்பிட்ட ஓர் அச்சுப்பொறியோ கட்டாயம் வேண்டுமென்றால் அதை முதலில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் பயன்படுத்தும் கணினியில், அவர்களைக் கேளாமல் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள்.

மிண்டை நிறுவாமலேயே பார்க்கவும் முடியும். பென் டிரைவிலிருந்து தொடங்கினால் இயங்குதளம் பென் டிரைவையும் ரேமையும் கொண்டே இயங்கும். நிறுவும்படி நீங்கள் சொல்லாதவரை வட்டில் உள்ள எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, விசைப்பலகையில் எந்த விசையாவது செத்திருக்கிறதா என்பவற்றை எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம். முந்தைய பதிலில் சொன்ன ஸ்மார்ட் சோதனையையும் அதில் உள்ள 'டிஸ்க்ஸ்' நிரலிலேயே செய்யலாம். விண்டோஸையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்களும் இப்படி ஒரு பென் டிரைவைத் தயாராக வைத்திருப்பது நல்லது; இயந்திரத்தின் குறையையும் இயங்குதளத்தின் குறையையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அடிப்பக்கத்தில் உரிமச் சாவி ஒட்டியிருக்கவில்லை. விற்றவரிடமும் இல்லை. வட்டை அழித்துவிட்டால் விண்டோஸ் உரிமம் போய்விடுமா?

பதில்: சாவியைத் தாளில் ஒட்டும் வழக்கம் விண்டோஸ் 7 காலத்தோடு ஏறக்குறைய முடிந்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல் தயாரிப்பாளர்கள் சாவியை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதிவைக்கிறார்கள். விண்டோஸ் 10-இலோ, ஒருமுறை முறையாகச் செயல்படுத்தப்பட்ட கணினியின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சேவையகத்தில் பதிவாகிவிடும். எனவே அதே மதர்போர்டில், அதே பதிப்பை, அதாவது ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் உரிமம் தானாக வந்துவிடும். நிறுவும்போது சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்ற தெரிவைச் சொடுக்குங்கள். வட்டையோ ரேமையோ மாற்றுவதால் உரிமம் போகாது.

ஆனால் அழிப்பதற்கு முன் செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைப் படியுங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' கொண்டு செயல்படுவதாகச் சொன்னால் கவலையில்லை. 'உங்கள் நிறுவனத்தின் செயல்படுத்தும் சேவை' என்ற பொருளில் வாசகம் இருந்தால், அது நிறுவனங்களுக்கான 180 நாள் உரிமம்; அல்லது அதைப்போல் நடிக்கும் திருட்டு நிரலின் வேலை. இரண்டில் எதுவானாலும் அந்த உரிமம் உங்களுடையதன்று. பழைய விண்டோஸ் 7 சாவியைக் கொண்டு விண்டோஸ் 10-ஐச் செயல்படுத்தும் வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: பென் டிரைவ் தயாரித்துவிட்டேன். நிறுவத் தொடங்கினால் வட்டில் எம்பிஆர் இருப்பதால் நிறுவ முடியாது என்கிறது. இன்னொரு லேப்டாப்பில் வட்டே தெரியவில்லை. இரண்டுக்கும் பென் டிரைவ்தான் காரணமா?

பதில்: இரண்டிலும் பென் டிரைவின் மீது குற்றமில்லை.

முதலாவது, பழைய முறையும் புதிய முறையும் கலந்ததால் வருவது. கணினி எழும் முறைகள் இரண்டு: பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை. வட்டின் பார்டிஷன் அட்டவணையிலும் எம்பிஆர், ஜிபிடி என இரண்டு உண்டு. யூஇஎஃப்ஐ முறையில் எழுந்த நிறுவி (நிறுவும் நிரல்) ஜிபிடி வட்டையே கேட்கும். எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவைக் கூர்ந்து பாருங்கள். ஒரே பென் டிரைவ் இரண்டு முறை, ஒருமுறை யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடும் ஒருமுறை அது இல்லாமலும் தெரியக்கூடும். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையில்தான் நிறுவல் நடக்கும். உங்கள் கணினிக்கு யூஇஎஃப்ஐ இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, வட்டில் உள்ள பார்டிஷன்கள் அனைத்தையும் நிறுவியிலேயே அழித்து, ஒதுக்கப்படாத வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். விண்டோஸ் தானே ஜிபிடி அட்டவணையை அமைத்துக்கொள்ளும். வட்டில் உள்ள அனைத்தும் போய்விடும் என்பதால் வேண்டிய கோப்புகளை முன்பே வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவதில், பயாஸ் அமைப்பில் வட்டுக் கட்டுப்பாடு, பல வட்டுகளைச் சேர்த்துக் கையாள்வதற்கான 'ரெய்டு' நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை வழக்கமான 'ஏஎச்சிஐ' நிலைக்கு மாற்றினால் வட்டு தெரிந்துவிடும். இந்த மாற்றத்தை நிறுவுவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுவிய பின் மாற்றினால் விண்டோஸ் எழாமல் நீலத்திரையோடு நின்றுவிடும். மாற்றிய பிறகும் வட்டு தெரியவில்லை என்றால், அதைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பாருங்கள். அப்போதும் தெரியாத வட்டு பழுதானதாகவே இருக்கக்கூடும்.

பென் டிரைவைப் பற்றியும் ஒரு சொல். 8 ஜிபியாவது இருக்க வேண்டும். அதில் உள்ளவை அழிந்துவிடும். கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். லினக்ஸ் தளங்கள் கோப்போடு ஷா-256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியையும் தருகின்றன. இறக்கிய கோப்பின் குறியைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், பாதி வழியில் கெட்ட கோப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடுவதைத் தவிர்க்கலாம். நிறுவல் முடியும் வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: நிறுவி முடித்தேன். வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

பதில்: கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் 'யூஎஸ்பி டெதரிங்' வசதியை அதில் இயக்குங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இது உடனே வேலை செய்யும். லேன் கம்பி இருந்தால் அதுவும் போதும். இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட் பல டிரைவர்களைத் தானே கொண்டுவரும். மிண்டில் 'டிரைவர் மேனேஜர்' அந்த வேலையைச் செய்யும். அப்படியும் விட்டுப்போனவற்றை மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். விடுபட்ட டிரைவர்களைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு நிரல்களை நிறுவ வேண்டாம். தூய்மையாக நிறுவிய கணினியை மறுநாளே கெடுத்துக்கொள்ளும் வழி அது.

கேள்வி: நான் வாங்கிய லேப்டாப்பில் பழைய உரிமையாளரின் குடும்பப் படங்களும் சான்றிதழ்களும் அப்படியே இருந்தன. ஃபார்மட் செய்துவிட்டேன். அவை உண்மையில் அழிந்துவிட்டனவா? நாளை என் கணினியை விற்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவற்றைத் திறந்து உலவாமல் அழித்தீர்கள் என்றால் சரியானதைச் செய்தீர்கள். அந்தப் படங்களுக்கு வேறு நகல் இல்லாமல் இருக்கலாம் என்பதால், முடிந்தவர்கள் அழிப்பதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

விரைவு ஃபார்மட் என்பது நூலகத்தின் அட்டவணையை மட்டும் கிழித்துப் போடுவது போன்றது. நூல்கள் அலமாரியிலேயே இருக்கும். மீட்பு நிரல்கள் அவற்றைத் தேடி எடுத்துவிடும். சுழலும் வட்டாக இருந்தால் முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் வட்டு முழுவதிலும் சுழியத்தை எழுதுகிறது. ஒருமுறை முழுவதும் எழுதப்பட்டால் வீட்டுத் தேவைக்கு அது தாராளம். எத்தனையோ மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் விட்டுவிடலாம். எஸ்எஸ்டிக்கு இந்த வழி பொருந்தாது. அதன் உட்கட்டுப்பாடு தரவை எந்தச் சிப்பில் வைப்பது என்பதை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் பழைய துணுக்குகள் தங்கக்கூடும். தயாரிப்பாளர் தரும் நிரலிலோ, சில பயாஸ்களிலோ உள்ள 'செக்யூர் இரேஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். விற்பதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்குங்கள். பயாஸ் கடவுச்சொல் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது 32-பிட் கணினி. இனி அதற்கு எதுவுமே கிடையாதா?

பதில்: 32-பிட், 64-பிட் என்பவை செயலி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பவை. உண்மையிலேயே 32-பிட்தானா என்று முதலில் பாருங்கள். 64-பிட் செயலி உள்ள கணினிகள் பலவற்றில் அந்நாளில் 32-பிட் விண்டோஸைப் போட்டு விற்றார்கள். 2006-இல் வந்த இன்டெல் கோர் 2 டுவோவே 64-பிட் செயலிதான். விண்டோஸில் 'சிஸ்டம் டைப்' வரியில் 32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி என்று இருந்தால், தூய நிறுவலாக 64-பிட் இயங்குதளத்தைப் போடலாம். இருப்பதன் மேலேயே மேம்படுத்த முடியாது. செயலியே 32-பிட் என்றால் வழி குறுகலானது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் இன்னொரு வடிவமான டெபியன் 13-உம் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. 2023-இல் வந்த டெபியன் 12 இப்போதைக்கு ஓடும். ஆனால் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். இணையம் வேண்டாத எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறுவிய பிறகு எல்லா இணையதளங்களும் 'பாதுகாப்பற்றது' என்று வருகின்றன. மீண்டும் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். திரையின் ஓரத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். சில ஆண்டுகள் பின்னோக்கி இருக்கும். இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தேதி தவறினால் உலாவி எல்லாவற்றையும் மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். கணினியை அணைத்து மின்னிணைப்பை எடுத்ததும் தேதி மறுபடி பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கிறது. பல மடிக்கணினிகளில் அது சிஆர்2032 வகையாக, இரண்டு கம்பிகளோடு இருக்கும். உங்களுடையதைக் கழற்றிப் பார்த்து அதே வகையை வாங்குங்கள். அது தீரும்போது பயாஸ் அமைப்புகளும் பழையபடி மாறிவிடுவது உண்டு என்பதால், புதியதை மாட்டியவுடன் முன்பு வைத்திருந்த ஏஎச்சிஐ, யூஇஎஃப்ஐ அமைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கணினியை முடுக்குங்கள்.